கடைமடைக்கும் நீர்

பழனி மலைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் சமவெளியில் தொப்பம்பட்டி என்னும் ஊர் உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றுக்கு அவ்வூரே தலைமையிடம். மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்த நிலமாதலின், வானம் அங்கே வாரி வழங்குவதில்லை. கிணற்று நீரையும் குளத்து நீரையும் நம்பி உழவர்கள் மக்காச்சோளம், முருங்கை, தென்னை, காய்கறி ஆகியவற்றை விளைவிக்கின்றனர். அவ்வட்டாரத்துக் காய்கள் ஒட்டன்சத்திரம் சந்தையை அடைந்து, அங்கிருந்து கேரள நாடு வரை செல்கின்றன.

இத்தகைய ஊரில் மேகம் என்னும் சொல்லுக்கு எத்துணை மதிப்பு உண்டு என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கருமேகம் திரண்டால் உழவர் முகம் மலர்கின்றது. அது கலைந்து சென்றால் அவர் உள்ளம் வாடுகின்றது. ஆனால், இக்காலத்தில் அவ்வூர் மக்கள் தம்மை அறியாமலே வேறொரு மேகத்தையும் நம்பி வாழ்கின்றனர். அந்த மேகம் வானத்தில் இல்லை; அதிலிருந்து மழையும் பொழிவதில்லை. பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஓய்வூதிய ஆணை ஆகியன அதிலிருந்து வருகின்றன. அந்த மேகத்தைக் காப்பவர் யார், அவர் செய்யும் பணி யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மேகம் எங்கே உள்ளது?

உழவர் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெற விரும்புகிறார் என்று கொள்வோம். அதற்குச் சிட்டா வேண்டும். முன்னாளில் அவர் கிராம அலுவலரைத் தேடிச் செல்வார். பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நடப்பார். பதிவேடு ஒரு பீரோவில் இருக்கும். பீரோவின் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் அன்று விடுப்பில் இருப்பார். இவ்வாறு கூலி கெட்டு நாள்கள் கழியும். இன்றோ, அவர் அருகிலுள்ள இ-சேவை மையத்திற்குச் சென்று தம் புல எண்ணைக் கூறினால், சில நிமிடங்களில் சிட்டா அச்சாகி வந்துவிடுகின்றது. இணையம் உள்ள கைப்பேசி இருப்பின், மையத்திற்குச் செல்லவும் வேண்டுவதில்லை.

அந்த விடை எங்கிருந்து வந்தது? இ-சேவை மையத்துக் கணினியில் அந்த ஏடு இல்லை. நெடுந்தொலைவில், தரவு மையம் எனப்படும் பெரிய கட்டடம் ஒன்றில், சர்வர் என வழங்கும் வலிய கணினிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவை இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்கின்றன. அவற்றின் வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனங்களும், மின்தடை நேர்ந்தால் கைகொடுக்க மின்கலங்களும், டீசலில் இயங்கும் மின்னாக்கிகளும் உடன் உள்ளன. உழவரின் புல எண் கம்பிவடத்தின் வழியே அங்கே சென்றது. விடை அவ்வழியே திரும்பி வந்தது.

இங்ஙனம் ஓரிடத்தில் பெருந்திரளாகக் கணினிகளை நிறுவி, அவற்றின் ஆற்றலைப் பலர்க்கும் வேண்டியபோது வேண்டிய அளவு பகிர்ந்தளிக்கும் முறைக்கு மேகக் கணிமை என்பது பெயர். பொறியாளர்கள் வரைபடம் வரையும்பொழுது, தாம் விரித்துக் காட்ட வேண்டாத வலைப்பின்னலை மேகம் போன்ற ஒரு வடிவத்தால் குறிப்பது வழக்கம். அவ்வழக்கே இப்பெயருக்கு அடிப்படை.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் மேகக் கணிமைக்கு ஐந்து இலக்கணங்களை வகுத்தது. வேண்டுவோர் பிறர் கையை எதிர்பாராமல் தாமே எடுத்துக்கொள்ளல் ஒன்று. வலைப்பின்னலின் வழியே எங்கிருந்தும் அடையக்கூடியதாய் இருத்தல் இரண்டு. ஆற்றலைப் பொதுவில் திரட்டிப் பலர்க்கும் பகிர்தல் மூன்று. தேவை மிகும்போது விரைந்து விரிதலும் குறையும்போது சுருங்குதலும் நான்கு. பயன்படுத்திய அளவைத் துல்லியமாகக் கணக்கிடல் ஐந்து. இவ்வைந்தும் அமைந்ததே மேகம் எனலாம்.

ஒரு பெருநிறுவனத்தின் உள்வீட்டுத் தொல்லை

இம்முறை பெருவழக்காய் வளர்ந்த வரலாறு சுவையானது. அமேசான் என்னும் அமெரிக்க வணிக நிறுவனம் முதலில் இணையத்தின் வழியே நூல்களை விற்றது; பின்னர்ப் பற்பல பொருள்களையும் விற்றது. வணிகம் பெருகப் பெருக, நிறுவனத்தினுள் பணிக்குழுக்களும் பெருகின. புதியதொரு வசதியைச் செய்ய முற்பட்ட ஒவ்வொரு குழுவும் கணினி, சேமிப்பிடம், தரவுத்தளம் ஆகியவற்றைத் தானே தேடித் தொகுத்தது. ஒரு குழு செய்து முடித்ததையே அடுத்த குழுவும் முதலிலிருந்து செய்தது. உண்மையான வேலையைத் தொடங்குமுன் மாதங்கள் பல கழிந்தன. ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு தனித்தனிக் கிணறு வெட்டியது போன்ற நிலை அது.

இத்தொல்லையை உணர்ந்தவருள் ஒருவர் ஆண்டி ஜாசி என்பவர். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலராக உயர்ந்தவர். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான ஓர் அடித்தளத்தை அமைத்தால் அனைவர் உழைப்பும் மிஞ்சும் என்பதை அந்நிறுவனத்தார் கண்டனர். தம் குழுக்களுக்கு உதவும் அடித்தளம் பிறர்க்கும் உதவுமன்றோ என்னும் எண்ணம் அதனின்று வளர்ந்தது. 2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சேமிப்பிடத்தையும், ஆகஸ்டுத் திங்களில் கணினி ஆற்றலையும் உலகோர்க்கு வாடகைக்கு விடத் தொடங்கினர். ஒரு சிறிய கணினியின் ஆற்றலுக்கு ஒரு மணி நேர வாடகை அப்போது பத்து சென்டு. பல்லாயிரம் டாலர் முதல் போட்டுத் தொடங்க வேண்டிய தொழிலை ஒரு மாணவரும் தொடங்கலாம் என்னும் நிலை பிறந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. மேகக் கணிமையின் வேர், ஒரு பெரிய நிறுவனத்தினுள் ஒருவர்க்கொருவர் உதவும் பணியில் உள்ளது. இன்று வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை, தொழிற்சாலை எதுவாயினும், அது பெரியதாயின் அதனுள் மேகப் பொறியாளர் சிலர் இருப்பர். அவர்கள் நேரடியாகப் பொருள் விற்பதில்லை, வாடிக்கையாளரைச் சந்திப்பதில்லை. விற்கும் குழுவும், கணக்கெழுதும் குழுவும், சம்பளம் வழங்கும் குழுவும் தத்தம் வேலையைத் தடையின்றிச் செய்யத் துணை நிற்பதே அவர்கள் தொழில்.

நீர்க்கட்டியின் தொழில்

இத்தொழிலை விளக்க, நம் நாட்டின் பழைய தொழில் ஒன்றே நல்ல உவமையாகின்றது. தமிழ்நாட்டின் குளத்துப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கப்பட்ட பணியாளர் ஒருவர் இருந்து வந்தார். குளத்து நீர் ஊர்ப் பொது. ஆயக்கட்டு நிலங்களோ பலருக்கு உரியவை. ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் மடையைத் திறந்தால், மேல்மடை நிலம் நீரில் அழுகும், கடைமடை நிலம் காயும், சண்டையும் மூளும். ஆதலின் மடையைத் திறக்கும் பொறுப்பை ஊரார் நீர்க்கட்டியிடம் ஒப்படைத்தனர்.

குளத்தில் நிற்கும் நீர் எத்தனை நாளைக்கு வரும் என்பதை அவர் கண்ணால் அளந்து கூறுவார். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். மழைக்காலத்து நள்ளிரவிலும் கரைமேல் நடந்து, எங்கேனும் கசிவு உண்டா என்று பார்ப்பார். பெரும்பாலும் அவர் நிலமற்ற எளிய குடியில் பிறந்தவர். அறுவடைக் காலத்தில் களத்து நெல்லில் ஒரு சிறு பங்கு அவருக்குக் கூலியாகும். அவருடைய அறிவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற மதிப்பை ஊரார் எப்போதும் அளித்தனர் என்று சொல்வதற்கில்லை.

மேகப் பொறியாளரின் பணியும் இத்தகையதே. நிறுவனத்தின் கணினி ஆற்றல் பொதுக்குளம், பணிக்குழுக்கள் ஆயக்கட்டுதாரர்கள். சம்பளக் குழுவிற்கு மாதக் கடைசியில் மிகுந்த ஆற்றல் வேண்டும். மற்றை நாள்களில் சிறிதே போதும். விற்பனைக் குழுவிற்குத் தீபாவளி, பொங்கல் நாள்களில் பெருந்தேவை எழும். ஒன்றன் தேவை மிகும்போது மற்றொன்றன் ஆற்றல் குன்றாமல் பார்ப்பதும், வேலை முடிந்தபின் வீணே ஓடும் கணினிகளை நிறுத்திச் செலவைக் குறைப்பதும் அவர் கடமை. திறந்த மடையை மூட மறந்தால் குளம் வற்றுவது போல, நிறுத்த மறந்த கணினிகளால் நிறுவனத்தின் பணம் வற்றும். பயன்படுத்திய அளவுக்குக் கூலி என்னும் ஏற்பாட்டில் இஃது ஓர் இடர்.

ஆயினும் ஓரிடத்தில் இவ்வுவமை நின்றுவிடுகின்றது. நீர்க்கட்டி ஒவ்வொரு மடையையும் தம் கையாலேயே திறந்தார். மேகப் பொறியாளர் அங்ஙனம் செய்தால் பெருநிறுவனம் நடவாது. நூறு குழுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் அவர் வரவுக்குக் காத்து நின்றால், அவரே தடையாகிவிடுவார். எனவே, திறமையுள்ள பொறியாளர் குழுக்கள் தாமே பாதுகாப்பாகத் திறந்துகொள்ளத்தக்க மடைகளை அமைத்துத் தருகின்றார். கணினிகள் எத்தனை, அவற்றின் அளவு யாது, எவை எவற்றோடு பேசலாம் என்னும் செய்திகளையெல்லாம் அவர் எழுத்தில் அமைத்து வைக்கின்றார். அவ்வெழுத்தைப் படித்து, அதன்படி கணினிகளை நிறுவும் கருவிகள் இன்று உள்ளன. 2014-இல் வெளிவந்த டெராஃபார்ம் அவற்றுள் ஒன்று. ஒரு குழு அவ்வெழுத்தை எடுத்துத் தன் பெயரையும் தேவையையும் நிரப்பினால் போதும். முன்பு வாரக்கணக்கில் நடந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தம் உதவி மீண்டும் மீண்டும் தேவைப்படாதவாறு உதவுவதே இத்தொழிலில் உயர்ந்த உதவி.

பூட்டும் திறவுகோலும்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டு நினைவுக்கு வரும். கைத்தொழிலாகச் செய்யப்படும் அப்பூட்டுகளுக்குப் புவிசார் குறியீடு 2019-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறவாது என்பதே பூட்டின் பெருமை. மேகத்திலும் இவ்விதி பொருந்தும்.

பெருநிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய அளவு உரிமையையே வழங்க வேண்டும். கணக்கைப் பார்ப்பவர்க்குப் பார்க்கும் சாவி. திருத்துபவர்க்குத் திருத்தும் சாவி. அழிக்கும் சாவி மிகச் சிலர்க்கே. எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவியை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டால், ஒருவர் சாவி களவு போனாலும் வீடு முழுதும் கொள்ளை போகும். அலுவலகத்தில் இவ்விதி சில வேளைகளில் மனக்கசப்பை உண்டாக்கும். “எம்மை நம்பவில்லையா?” என்று மூத்த அலுவலரும் கேட்கக்கூடும். பூட்டு நம்பிக்கையின்மையின் அடையாளம் அன்று. பிறர் பொருளைக் காப்பதாக நாம் ஏற்ற பொறுப்பின் அடையாளம் என்பதை முகம் சுளிக்காமல் எடுத்துரைப்பதும் பொறியாளர் வேலையே. தொப்பம்பட்டி உழவரின் நில ஏடு பூட்டுக்குப் பின்னே இருப்பதால்தான், அதனை வேறொருவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள இயலாமல் இருக்கின்றது.

தீயில் அழிந்த ஆவணங்கள்

பொதுவில் திரட்டிய செல்வத்திற்குப் பொதுவான ஆபத்தும் உண்டு. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரிய நாட்டின் தேஜோன் நகரில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. அந்நாட்டு அரசின் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களை வேறிடத்திற்கு மாற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோது தீப்பற்றியது. அரசின் 600-க்கும் மேற்பட்ட கணினிப் பணிகள் நின்றன. அஞ்சல் நிலையச் சேவையும் அடையாளச் சான்றுச் சேவையும் தடைப்பட்டன. நாட்டு மக்கள் திகைத்து நின்றனர்.

அப்பணிகளுள் பல நாளடைவில் மீண்டன. மீளாதது ஒன்று உண்டு. அரசு அலுவலர்கள் தம் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் பொதுக்களஞ்சியம் எரிந்து போயிற்று. அதில் இருந்தது 858 டெராபைட் அளவான செய்தி. அதன் அளவு மிகப் பெரியது என்பதனால், அதற்கு வேறிடத்தில் படி எடுத்து வைக்கப்படவில்லை. பல ஆண்டுகளாகப் பல்லாயிரவர் எழுதிச் சேர்த்த குறிப்புகள் ஒரே தீயில் மறைந்தன.

விதை நெல்லை ஒரே குதிரில் வைக்கும் உழவர் எவரேனும் உண்டோ? மேகம் என்பது தானாகவே பாதுகாப்புத் தருவது அன்று. ஒவ்வோர் ஏட்டிற்கும் ஒரு படியேனும் வேறொரு நகரில் இருத்தல் வேண்டும். படி எடுத்தல் மட்டும் போதாது. அப்படியிலிருந்து வேலையை மீட்க முடிகின்றதா என்று ஆண்டுதோறும் ஒத்திகையும் பார்க்க வேண்டும். ஒத்திகை பார்க்காத படி, தேவைப்படும் நாளில் கைவிடக்கூடும். நெட்ஃபிளிக்ஸ் என்னும் நிறுவனம் இதனை ஒரு நெறியாகவே கொண்டது. 2008-ஆம் ஆண்டில் அதன் தரவுத்தளம் பழுதுற்று, மூன்று நாள்கள் திரைப்படத் தட்டுகளை வாடிக்கையாளர்க்கு அனுப்ப முடியாமல் தவித்தது. அதன்பின் மேகத்திற்கு மாறத் தொடங்கி, 2016-இல் அம்மாற்றத்தை நிறைவேற்றியது. இடைக்காலத்தில், தன் கணினிகளுள் சிலவற்றைத் திடீரென நிறுத்திவிடும் ஒரு மென்பொருளைத் தானே எழுதி, வேலை நேரத்தில் ஓட விட்டது. ஒன்று நின்றாலும் மற்றவை தொடர்கின்றனவா என்பதை அந்நிறுவனம் இவ்வாறு இடைவிடாது சோதித்து வந்தது.

ஒரு தட்டச்சுப் பிழை

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அமேசானின் சேமிப்பகப் பொறியாளர்கள் ஒரு சிறு பழுதை ஆராய்ந்துகொண்டிருந்தனர். சில கணினிகளை மட்டும் விலக்குவதற்காக ஒருவர் கட்டளை ஒன்றைத் தட்டச்சு செய்தார். அதில் ஒரு பகுதி பிழைபட்டது. நினைத்ததைவிட மிகுதியான கணினிகள் விலகிவிட்டன. அச்சேமிப்பகத்தை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் செயலற்று நின்றன. பணிகளின் நலத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் அமேசானின் பலகையும் அச்சேமிப்பகத்தையே சார்ந்திருந்தமையால், பழுதைப் பழுதென்று காட்ட அப்பலகையாலும் இயலவில்லை.

பின்னர் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கம் நாம் கருதத்தக்கது. பிழை செய்தவர் பெயரை அது கூறவில்லை. ஒருவர் கை தவறினால் இத்துணைக் கணினிகள் ஒருசேர விலகுமாறு கருவி அமைந்திருந்ததே குறை எனக் கண்டு, கருவியைத் திருத்தியது. கணினிகள் மெல்ல மெல்லவே விலகவும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறையாதிருக்கவும் தடைகள் அமைக்கப்பட்டன.

கரை உடைந்தபின் “யார் உடைத்தார்?” என்று கேட்பது எளிது. “கரை ஏன் அவ்வளவு மெலிந்திருந்தது?” என்று கேட்பதே பயனுடையது. பிழை செய்தவரைத் தண்டிக்கும் இடத்தில் அடுத்த பிழை மறைக்கப்படும். மறைத்த பிழை வளர்ந்து பெருங்கேடாகும். ஆதலின் நல்ல பொறியாளர்கள் ஒவ்வோர் இடையூற்றின் பின்னும் கூடி அமர்ந்து, நடந்ததை மணிக்கணக்கோடு எழுதி, அனைவரும் படிக்க வைக்கின்றனர்.

நம் நாட்டில்

இந்தியாவில் மிகப் பெரிய நிறுவனம் யாது? அரசே அது. வருவாய், வேளாண்மை, கல்வி, சுகாதாரம் என எத்தனையோ துறைகள். ஒவ்வொரு துறையும் ஒரு பணிக்குழு. அவற்றிற்குக் கணினித் துணையாக 1976-ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையம் நிறுவப்பட்டது. மாவட்டந்தோறும் அதன் அலுவலகம் உண்டு. தமிழ்நாட்டின் நிலப்பதிவுகளை நிருவகிக்கும் ‘தமிழ் நிலம்’ என்னும் மென்பொருளை உருவாக்கியதும் அம்மையமே. ஒவ்வொரு துறையும் தனித்தனியே கணினிகளை வாங்கிக் குவிப்பதைத் தவிர்க்க, ‘மேகராஜ்’ என்னும் பெயரால் அரசுக்குரிய மேகம் வகுக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையத்தின் மேகம் செயற்படத் தொடங்கியது. தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் அம்மையத்தின் தேசியத் தரவு மையங்கள் உள்ளன. தனியார் மேகங்களும் நம் நாட்டில் இடம்கொண்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் தரவு மையங்களைத் திறந்தன.

இவ்வமைப்புகளின் ஆற்றலுக்குப் பெருஞ்சோதனை கொரோனாக் காலத்தில் வந்தது. 2021-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது, கோவின் என்னும் பதிவுமுறையும் மேகத்தின்மேல் இயங்கத் தொடங்கியது. ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை 4 மணிக்கு, 18 வயது நிறைந்தோர் அனைவர்க்கும் பதிவு திறக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நொடியில் கதவைத் தட்டியது. தொடக்கத்தில் சிறிது தடுமாற்றம் நேர்ந்தது. பின்னர்ச் சீராகி, அன்றைய நாளிலேயே 1 கோடியே 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஒரே நாளில் 2½ கோடித் தடுப்பூசிகள் போடப்பட்டுப் பதிவாயின. ஊசி போட்ட செவிலியரை நாம் கண்டோம், நன்றியும் சொன்னோம். அப்பதிவு நின்றுவிடாமல், தேவைக்கேற்பக் கணினிகளை விரித்தும் சுருக்கியும் விழித்திருந்தவர்களை எவரும் கண்டிலர்.

எல்லாவற்றையும் மேகத்தில் ஏற்றுவதே அறிவுடைமை என்று கருதிவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் மாறாத அளவில் நடக்கும் வேலைக்கு வாடகையைவிடச் சொந்தக் கணினி மலிவாக அமையலாம். வெளியார் கையில் ஒப்படைக்கத் தகாத மறைவுச் செய்திகளும் உண்டு. ஒரே நிறுவனத்தின் மேகத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டால், அது விலையை உயர்த்தும் நாளில் வேறு வழி இராது. இவற்றை நடுநிலையோடு சீர்தூக்கி, ஒவ்வொரு குழுவிற்கும் தக்கதைக் கூறுதலும், வேண்டாத இடத்தில் “வேண்டாம்” என்று துணிந்து சொல்லுதலும் மேகப் பொறியாளர்க்கு உரிய கடமைகளாம்.

பணியாளர்க்கு வேண்டிய பண்புகள்

இத்தொழிலுக்குக் கணிதமும் கணினி அறிவும் இன்றியமையாதவை. ஆயினும் அவை மட்டும் போதா. உதவி நாடி வருபவர் தம் தேவையைத் தெளிவாகச் சொல்ல அறியாமல் வருவர். “கணினி மெதுவாக ஓடுகின்றது” என்பர். ஆராய்ந்தால் குற்றம் கணினியில் இராது, அவர்கள் எழுதிய நிரலில் இருக்கும். அதனை அவர் மனம் நோகாமல் விளக்கப் பொறுமை வேண்டும். பத்துப் பேர் ஒரே வினாவைக் கேட்டால், பதினோராமவர் கேட்குமுன் அதற்குரிய விடையை எளிய நடையில் எழுதி வைக்கும் வழக்கம் வேண்டும். தாம் மட்டுமே அறிந்த இரகசியங்களால் தம் பதவியைக் காத்துக்கொள்ள எண்ணுபவர் இத்தொழிலுக்குப் பொருந்தார். அவர் நோயுற்ற நாளில் நிறுவனமும் நோயுற்றுப் படுத்துவிடும்.

நள்ளிரவில் எச்சரிக்கை மணி ஒலித்தால் எழுந்து பார்க்கும் முறையும் அவர்களிடையே உண்டு. ஒரு வாரம் ஒருவர், மறு வாரம் மற்றொருவர் என முறை வைத்து, ஆடவரும் மகளிரும் அக்காவலை ஏற்கின்றனர். பழுதின்றி நடக்கும்வரை அவர்களை எவரும் நினையார்; பழுது நேர்ந்த நாளில் எல்லோரும் அவர்களையே தேடுவர். நீர்க்கட்டியின் பழைய நிலை இன்றும் முற்றும் மாறவில்லை போலும்!

கடைமடை

பாசனம் செவ்வையாக நடக்கின்றதா என்பதை அறிய மேல்மடை வயலைப் பார்த்துப் பயனில்லை. அங்கே எப்போதும் நீர் நிற்கும். கடைமடை வயலைப் பார்க்க வேண்டும். கணினிப் பணிக்கும் அதுவே அளவுகோல். தலைநகரில், விரைவான இணைப்பும் புதிய கணினியும் உள்ள அலுவலகத்தில் ஒரு சேவை நன்றாக இயங்குவது வியப்பன்று. இணைப்பு விட்டுவிட்டு வரும் சிற்றூரில், பழைய கைப்பேசியில், ஆங்கிலம் அறியாத மூதாட்டி ஒருவரின் ஓய்வூதிய ஆணை தடையின்றித் திறக்கின்றதா என்பதே கேள்வி.

கடைமடைக்கு வாய்க்கால் வெட்டும் வேலையும் நடைபெற்று வருகின்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பதற்குப் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. வாய்க்கால் மட்டும் இருந்து பயனில்லை. குளத்தில் நீரும் வேண்டும். மடையைக் காக்க ஆளும் வேண்டும். குளம், வாய்க்கால், காவல் மூன்றும் ஒன்றுபட்டால்தான் உழவர் கையில் சிட்டா வந்து சேரும். மூன்றில் ஒன்று தவறினும் அவருக்குப் பயிர்க்கடன் பருவம் தப்பும். பருவம் தப்பினால் விதைப்பும் தப்பும்.

இப்பணியைச் செய்யப் பெருநகரில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகின்றது. உலகெங்கும் பயன்படும் மென்பொருள்கள் அங்கே உருவாகின்றன. தொப்பம்பட்டியில் பயிலும் மாணவரும் நாளை ஒரு பெருநிறுவனத்தின் மேகத்தைக் காக்கலாம். காய்ந்த நிலத்தில் வளர்ந்தவர்க்கு நீரின் அருமை தெரியும். சான்றிதழுக்காகத் தம் பெற்றோர் நாள் முழுதும் காத்து நின்றதைக் கண்டவர்க்கு ஒரு நிமிடத் தாமதத்தின் பொருளும் தெரியும். கணினித் திரையில் நூறு எண்கள் ஓடும்போது, அவற்றுள் ஓர் எண் ஒரு குடும்பத்தின் நிலம் என்பதை அத்தகையவர் மறவார். இவ்வுணர்வோடு கல்வியும் சேருமாயின், நம் நாட்டின் மேகங்கள் கடைமடை வரை பொழியும் என்பதில் ஐயமில்லை.